மறுமொழி: 'டேட்டா கேப்' – தமிழில் எப்படிச் சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம். வீட்டு இணையத் திட்டத்தில் மாதத்துக்கு இவ்வளவு தரவு என்று நிறுவனம் வைக்கும் அளவுதான் 'டேட்டா கேப்' (data cap). அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் நண்பர்கள் முன்வைத்த இரண்டு கருத்துகளை மேற்கோள் காட்டிப் பதில் சொல்கிறேன்.

> 'தரவு உச்சவரம்பு' போதும். நில உச்சவரம்பு என்று சொல்லிப் பழகியவர்கள்தானே நாம்.

போதாது. நில உச்சவரம்புச் சட்டத்தில் வரம்புக்கு மேற்பட்ட நிலத்தை வைத்துக்கொள்ளவே முடியாது. வீட்டு இணையத்தில் வரம்பு முடிந்த பிறகும் இணைப்பு இருக்கும். அதன்பின் நடப்பதுதான் வேறுபடுகிறது. அமெரிக்காவின் இணையச் சேவை நிறுவனமான காம்காஸ்ட் பல மாநிலங்களில் மாதம் 1.2 டிபி (ஏறத்தாழ 1200 ஜிபி) என்று வரையறுத்து, அதைத் தாண்டினால் ஒவ்வொரு 50 ஜிபிக்கும் 10 டாலர், மாதத்துக்கு 100 டாலர் வரை வசூலித்தது. இந்தியாவிலோ பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். பணம் போவதும் வேகம் போவதும் ஒன்றல்ல; இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

> நிறுவனங்கள் சொல்வதையே தமிழாக்கி 'நியாயமான பயன்பாட்டுக் கொள்கை' என்று வைக்கலாம்.

'ஃபேர் யூசேஜ் பாலிசி' என்று நிறுவனங்கள் வரம்புக்கு வைத்திருக்கும் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு இது. இதை முழுமூச்சாக மறுக்கிறேன். எங்கள் வீட்டில் மாதக் கடைசியில் பிள்ளையின் இணைய வகுப்பு நின்று நின்று வந்தபோது, சேவை மையத்தில் கிடைத்த பதில், "நீங்கள் நியாயமான பயன்பாட்டைத் தாண்டிவிட்டீர்கள்" என்பது. காசு கொடுத்து வாங்கியதைப் பயன்படுத்தியவர் அநியாயக்காரராகிவிட்டார்! அந்தப் பழியைக் கலைச்சொல்லுக்குள் நாமே ஏற்றி வைக்கக் கூடாது.

தொழில்நுட்பப்படியும் 'நியாயம்' இங்கே பொருந்தவில்லை. நெரிசல் வருவது எல்லோரும் ஒரே நேரத்தில் காணொளி பார்க்கும் மாலையிலும் முன்னிரவிலும். விடியற்காலை மூன்று மணிக்குப் பதிவிறக்குபவரால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனாலும் அந்த ஜிபியும் கணக்கில் ஏறுகிறது. மாதக் கூட்டுத்தொகை நெரிசலை அளப்பதே இல்லை.

குறைப்பு எவ்வளவு என்பதையும் பாருங்கள். வரம்பு தாண்டினாலும் வேகம் 512 கேபிபிஎஸுக்கு (நொடிக்கு 512 கிலோபிட்) கீழே போகக் கூடாது என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016-இல் உத்தரவிட்டது. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைப்பு அந்த அடிமட்டத்துக்கு இறங்கினால், எஞ்சுவது ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்கு. 'வரம்பற்ற' என்று விற்கப்படும் திட்டங்களிலும் மாதம் 3300 ஜிபி போன்ற எல்லை பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. அதனால், என்ன நடக்கும் என்பதைச் சொல்லே சொல்லிவிட வேண்டும்.

என் முன்மொழிவு: பொதுச்சொல்லாகத் 'தரவு வரம்பு'. தாண்டினால் வேகம் இறங்குவது 'வேகக்குறைப்பு வரம்பு'. தாண்டினால் பணம் கேட்பது 'மிகைக்கட்டண வரம்பு'. வரம்பில் 50, 90, 100 விழுக்காடு தீரும்போது வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே ஆண்டு உத்தரவில் உண்டு. "உங்கள் வேகக்குறைப்பு வரம்பில் 90 விழுக்காடு தீர்ந்தது" என்று குறுஞ்செய்தி வந்தால், அடுத்து என்ன ஆகும் என்று யாரும் தொலைபேசியில் கேட்க வேண்டியதில்லை. 'நியாயமான பயன்பாடு' அதைச் சொல்லாது.

'வேகமடக்கு வரம்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். சுருக்கமாக இருக்கிறது, ஆனால் முதல் தடவை கேட்பவருக்கு விளங்குமா என்பது ஐயமே.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. அங்கே பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி அளவு தரும் திட்டங்கள் உண்டு. அந்த இரவுப் பங்கை வீட்டில் எப்படிச் சொல்கிறீர்கள்? 'இரவு ஒதுக்கீடு' சரிவருமானால் அதையும் பட்டியலில் சேர்த்துவிடலாம்.