வலி ஏற்பியா, தீங்குணரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உடலுக்குக் கேடு செய்யக்கூடியவற்றை அறியும் நரம்பு முனைகளை ஆங்கிலத்தில் 'நோசிசெப்டர்' என்பர். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு முன்மொழியப்பட்டுள்ள 'வலி ஏற்பி' எளிதில் புரியும் சொல்தான். ஆயினும் அதை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. 1906இல் ஆங்கிலேய நரம்பியல் அறிஞர் செரிங்டன் 'நோசிசெப்டர்' என்னும் சொல்லை ஆண்டபோது, கேடு செய்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையை அடியாகக் கொண்டார். அந்த நரம்பு முனைகள் அறிவது வலியை அன்று. திசுவைச் சிதைக்கவல்ல அழுத்தத்தையும் வெப்பத்தையும் வேதிப்பொருளையும்தான். அச்செய்தி தண்டுவடம் வழியே மூளையை எட்டிய பிறகே வலி உருவாகிறது. துண்டிக்கப்பட்டு இல்லாமற்போன காலிலும் சிலருக்கு வலி எடுப்பதே இரண்டும் வேறு என்பதற்குப் போதிய சான்று.

சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் பயில்வதால், இச்சொல் முதலில் சென்றடையப்போவது நீரிழிவுக் கையேடுகளைத் தமிழில் வாசிக்கும் முதியவர்களை. பலதுறை மருந்தகத்தில் பாதத்தைச் சோதிக்கும் தாதி, "உங்கள் வலி ஏற்பிகள் மங்கிவிட்டன, பாட்டி" என்றால், வலி குறைந்தால் நல்லதுதானே என்று அவர் எண்ணக்கூடும். தீங்கை அறியும் நரம்பு மங்கிவிட்டது என்றால், செருப்பை அணியுமுன் உள்ளே கல் கிடக்கிறதா என்று பார்ப்பார். ஆகவே 'தீங்குணரி' என்பதை முன்வைக்கிறேன். 'ஏற்பி' உயிரணுவின் புரத மூலக்கூறுகளுக்கு வழங்கிவருவதால், நரம்பு முனைக்கு 'உணரி' என்பதே பொருந்தும்.

'ஊறுணரி' இன்னும் அழகாக இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 'ஊறு' என்பதற்குத் தீங்கு என்ற பொருளும் உண்டு. "சுவைஒளி ஊறுஓசை நாற்றம்" என்னும் குறளில் உள்ளதுபோலத் தொடுவுணர்வு என்ற பொருளும் உண்டு. தொடுகையும் தீங்கும் ஒரே சொல்லுக்குள் அடங்கினால் குழப்பமே மிஞ்சும். 'ஊறுணரி' என்பதைத் தொடுவுணர்வுக்கென்றே ஒதுக்கி, மெல்லிய வருடலையும் அதிர்வையும் அறியும் முனைகளுக்குச் சூட்டலாம்.

வெப்பநிலையை அறியும் முனைகளுக்கு ஒரே சொல் போதாது. குளிர்ச்சிக்கும் வெம்மைக்கும் தனித்தனி நரம்பிழைகள் இருப்பதால், 'தட்பவுணரி', 'வெப்பவுணரி' என இரண்டு வேண்டும். நரம்பு முனையின் சவ்வில் உள்ள, ஏறத்தாழ 43 பாகை செல்சியசில் திறக்கும் புரத வாயிலைச் சம்பல் மிளகாயின் காரமும் திறந்துவிடுகிறது. நாக்கு எரிவது அதனால்தான். இவ்வாயில் பெரும்பாலும் தீங்குணரிகளில் அமைந்திருப்பதால், அதை வெப்பவுணரியின் கீழ்ப் பட்டியலிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.