வெண்ணெய், முட்டை இல்லாமல் தீபாவளி பிஸ்கட் செய்ய முடியுமா?

பொங்கோல்_வாசி:
தீபாவளி நெருங்கிவிட்டது, முறுக்கு அம்மா செய்து அனுப்பிவிட்டார்கள், பிஸ்கட் மட்டும் என் தலையில். வீட்டில் க்யூபிபி நெய் அரை டின் இருக்கிறது, மைதா, சாதாரணச் சீனி, பொட்டுக்கடலை, ஏலக்காய், ஒரு டப்பாவில் கொஞ்சம் சிவப்பு செர்ரி. ஐசிங் சுகர் இல்லை, வெண்ணெய் இல்லை. மாமியார் சுத்த சைவம், அதனால் முட்டை வேண்டாம். பேக் செய்கிற அவன் (oven) அடுப்பும் கிடையாது, ஏர் ஃப்ரையர்தான். கடைக்குப் போகச் சொல்லாதீர்கள், இந்த நேரத்தில் தேக்கா சந்தைக் கூட்டத்தில் மாட்ட எனக்குத் தெம்பில்லை, ப்ளாக் கீழே மாமா கடையிலும் வெண்ணெய் தீர்ந்துவிட்டது.

ஈசூன்_அக்கா:
நீ சொன்ன சாமான் எல்லாம் சூஜி பிஸ்கட் சாமான்தான்மா, வேறெதையும் தேடாதே. சூஜி என்றால் ரவைதான், ஆனால் ரவை கட்டாயமில்லை, இங்கே பலர் வெறும் மைதாவில்தான் செய்கிறார்கள். 250 கிராம் மைதா, 150 கிராம் நெய், 100 கிராம் சீனி. சீனியை ஏலக்காயோடு மிக்சியில் மாவு மாதிரி அரைத்துச் சலித்துக்கொள். அரைக்காமல் போட்டால் கரையவே கரையாது, ஏனென்றால் நெய்யில் தண்ணீர் கிடையாது, சாப்பிடும்போது பல்லில் நறநறக்கும். நெய்யை உருக்கி ஊற்றாதே! நம் ஊர்ச் சூட்டுக்கு டின்னிலேயே பாதி இளகித்தான் இருக்கும், கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துக் குழைவாக இறுகியதும் சீனியோடு வெளுக்கிற வரை அடித்து, மைதாவை மெதுவாகச் சேர். பிசையக் கூடாது, பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், அவ்வளவுதான். சமையல் சோடா இருந்தால் கால் டீஸ்பூன் போடு, மேலே அழகாக வெடிப்பு விடும். இல்லாவிட்டாலும் குடி முழுகிப்போகாது.

தேக்கா_தம்பி:
அக்கா சொன்ன அளவில் 50 கிராம் மைதாவை எடுத்துவிட்டு அதற்குப் பதில் பொட்டுக்கடலையை நைசாகப் பொடித்துப் போடுங்கள், வாயில் வைத்ததும் கரையும், வாசனையும் தூக்கும். எங்கள் வீட்டில் மைதாவைப் பாண்டான் (ரம்பை) இலையோடு வெறும் சட்டியில் வறுத்துத்தான் போடுவோம்.

ஈசூன்_அக்கா:
தம்பி, வறுக்கிறது குவே பங்கிட் பிஸ்கட்டுக்குச் சரி, அதில் போடுகிற மரவள்ளி மாவு அப்படிக் கேட்கும். அவசரத்தில் செய்கிற பிள்ளைக்கு எதற்கு அந்த வேலை? மாவு சரியாக ஆறாமல் நெய்யில் போட்டால் மொத்தமும் இளகி, பிஸ்கட் தோசையாகப் பரவும். பொட்டுக்கடலைக்கு நான் ஓட்டு போடுகிறேன்.

ஜூரோங்_அடுப்படி:
ஏர் ஃப்ரையர் பற்றி யாரும் சொல்லவில்லையே. அவன் அடுப்புக்கு 160 டிகிரி என்றால் இதில் 140இல் ஆரம்பியுங்கள், சூடு தலைக்கு மேலேயே இருக்கிறது, காற்றாடியும் சுற்றுகிறது, உள்ளே வேகும் முன் மேலே சிவந்துவிடும். உருண்டைகளைக் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள், 12 நிமிடத்தில் திறந்து பாருங்கள். பேக்கிங் பேப்பரை முன்சூடாக்கும்போது தனியாகப் போடக் கூடாது, பறந்து போய்ச் சூட்டுக் கம்பியில் ஒட்டும், அது தீ விபத்துக்கு வழி. வெந்ததும் கை வைக்காதீர்கள், சூட்டில் தொட்டாலே உடையும், ஆற ஆறத்தான் இறுகும். இன்னொன்று, வெண்ணெய் போட்ட குறிப்பு எதையாவது பார்த்துச் செய்வதாக இருந்தால் 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் நெய் போதும், மீதி பெரும்பாலும் தண்ணீர்தான்.

பொங்கோல்_வாசி:
அப்பாடா, பொட்டுக்கடலை போட்டே செய்கிறேன். செர்ரியை எப்போது வைப்பது, வெந்த பிறகா?

ஈசூன்_அக்கா:
முன்னாடியே, பொடியாக நறுக்கி லேசாக அழுத்தி வை, வெந்த பிறகு வைத்தால் ஒட்டாது. நன்றாக ஆறிய பிறகுதான் சிவப்பு மூடி டப்பாவில் அடுக்கு, இந்த மழைக் காற்றில் திறந்து வைத்தால் சாயங்காலமே நமுத்துவிடும்.