லாந்தனம் அலுமினேட் மேல் வளர்த்த படலத்தில் பீக் இரண்டாகப் பிளக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். தஞ்சாவூர் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வு மாணவி. மூன்று மாதமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

லாந்தனம் ஸ்ட்ரான்சியம் மாங்கனைட் படலம், சுமார் 50 நானோமீட்டர். 100 முகம் கொண்ட லாந்தனம் அலுமினேட் அடித்தளம், ஸ்பட்டரிங் (அயனிகளால் மோதி அணுக்களைப் பெயர்த்துப் படியவைக்கும் முறை), 700 டிகிரி செல்சியஸ். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிர் விளிம்பு வளைவு) அணு அடுக்குகளின் இடைவெளியைக் காட்டும் தீட்டா–டூ தீட்டா ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. மாதிரியை மட்டும் மெல்லச் சாய்த்து, அடுக்குகளின் சாய்வைப் பார்க்கும் ராக்கிங் கர்வ் எடுத்தால்தான் படலத்தின் 002 பீக் இரண்டாகப் பிளக்கிறது, இடைவெளி 0.15 டிகிரி. மாதிரியை 90 டிகிரி திருப்பினால் இடைவெளி மாறுகிறது.

அடித்தளம் 540 டிகிரி வாக்கில் கனசதுரத்திலிருந்து ரோம்போஹெட்ரலாக (மூலைவாக்கில் சற்றே இழுபட்ட கனசதுரம்) மாறி இரட்டைப் படிகங்களாக, அதாவது வெவ்வேறு பக்கம் சாய்ந்த பகுதிகளாகப் பிரியும். படலம் படியும்போது அது கனசதுரம். ஆறும்போதுதான் சாய்கிறது, மேலே இருக்கும் படலத்தையும் கூடவே சாய்க்கலாம். டியூப்லைட்டில் சாய்த்துப் பிடித்தால் நாற்று நட்ட வரிசை போல மெல்லிய கோடுகள் கண்ணுக்கே தெரிகின்றன. ஆனால் மாங்கனைட்டும் ரோம்போஹெட்ரல்தான், அதுவே தனியாக இரட்டிக்கலாம் இல்லையா?

நிமிடத்துக்கு 10 டிகிரிக்குப் பதில் 2 டிகிரியில் ஆறவிட்டேன், மாற்றமில்லை. புது அடித்தளத்தில் இடைவெளி மாறியது, பிளவு போகவில்லை. அப்புறம் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டில் வளர்த்தேன், ஒற்றைப் பீக். ஆனால் அங்கே படலம் இழுபடுகிறது, இங்கே நெருக்கப்படுகிறது. அதை வைத்து முடிவு சொல்ல மனம் ஒப்பவில்லை. எக்ஸ்ஆர்டிக்குத் திருச்சி போய்வரவே ஒரு நாள் ஆகிறது, டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) வசதி இல்லை.

எக்ஸ்ஆர்டி மட்டும் வைத்து, இந்தச் சாய்வு அடித்தளத்திலிருந்து வந்ததா, படலத்தின் சொந்த இரட்டிப்பா என்று பிரித்தறிய எந்த ஸ்கேன் எடுக்க வேண்டும்?