சிறு வணிகத் தளங்களும் அணுகல்தன்மைச் சட்டமும்: இப்போதே மாற்ற வேண்டுமா?

கொங்கு வணிகன்:
இணையத்தில் ஆயத்த ஆடை விற்கும் சிறிய கடை எங்களுடையது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 எங்களையும் கட்டுப்படுத்தும் என்றும், தளத்தையும் செயலியையும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி முழுவதும் மாற்றி எழுதாவிட்டால் வழக்கு வரும் என்றும் சொல்லி, ஒரு நிறுவனம் எங்கள் சக்திக்கு மீறிய விலைப்புள்ளியை அனுப்பியிருக்கிறது. 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம்கூட, 10 பேருக்கும் குறைவானோர் பணிபுரியும், ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் யூரோவைத் தாண்டாத சேவை நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கிறது. நம் சட்டத்தில் அப்படியொரு வரம்பே இல்லை. வங்கிக்கும் துணிக்கடைக்கும் ஒரே அளவுகோல் வைப்பது நியாயமா?

வைகைக்கரை:
நியாயமா என்பது நாடாளுமன்றத்திடம் கேட்க வேண்டிய கேள்வி. பொருந்துமா என்றால் பொருந்தும். சேவை வழங்குவோர் அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும் அணுகல் விதிகளின்படியே சேவை வழங்க வேண்டும் என்று 46ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குக் கொடுக்கப்பட்ட கால அவகாசம் இரண்டு ஆண்டுகள். விதிகள் 2017 ஜூனில் வெளிவந்தன என்பதால், அந்த அவகாசம் 2019லேயே முடிந்துவிட்டது. 89ஆம் பிரிவின்படி முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம்.

கொங்கு வணிகன்:
எந்த விதி, ஐயா? ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களைச் சொல்லும் 15(1)ஆம் விதியையே செல்லாது என்று சொல்லிவிட்டது. விதி நிற்காதபோது எதை மீறியதாக எங்களிடம் அபராதம் கேட்பார்கள்?

வைகைக்கரை:
அந்தத் தீர்ப்பைத் தலைகீழாகப் படிக்கிறீர்கள். விதி கடுமையாக இருந்ததற்காக அல்ல, வெறும் பரிந்துரை போல நெகிழ்வாக இருந்ததற்காகவே நீதிமன்றம் அதை நீக்கியது. கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களைத் தனியே வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், நீதிபதி ஆர். மகாதேவன் எழுதிய தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே சென்று, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. அமில வீச்சில் முகமும் கண்களும் பாதிக்கப்பட்ட பெண்ணிடம் கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டச் சொன்ன, இணையவழியில் வாடிக்கையாளர் அடையாளத்தைச் சரிபார்க்கும் இ-கேஒய்சி முறைதான் அந்த வழக்குக்கே காரணம்.

தாமிரபரணி:
நான் திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் கொண்டு கைபேசியைப் பயன்படுத்துபவள். ஆடை வாங்கும் செயலிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பட்டியல் வரை எல்லாம் ஒழுங்காகப் படிக்கும். அளவைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு வந்தால், எஸ், எம், எல் மூன்றும் படங்களாக வைக்கப்பட்டிருப்பதால், ஆண்ட்ராய்டு திரைவாசிப்பானான டாக்பேக் மூன்று முறையும் பெயரில்லாத பொத்தான் என்றே சொல்லும். தீர்ந்துபோன அளவு சாம்பல் நிறத்தில் மட்டும் காட்டப்படும். அது எனக்குத் தெரிய வழியில்லை. அதையும் கடந்து பணம் செலுத்தப் போனால், தள்ளுபடி அறிவிப்பு ஒன்று திரையை மறைத்துக்கொண்டு நிற்கும்; அதை மூடும் குறிக்கும் பெயர் இருக்காது. இவற்றைச் சரிசெய்யத் தளத்தை முழுவதும் மாற்றி எழுதத் தேவையில்லை, கொங்கு வணிகன் அவர்களே.

கொங்கு வணிகன்:
அப்படியானால் ஒரு வரி நிரலைச் சேர்த்தாலே தளம் சட்டத்துக்கு உட்பட்டதாகிவிடும் என்று விற்கப்படும் விட்ஜெட்டை வாங்கிப் போட்டுவிடலாமே. செலவும் குறைவு.

நிரல்நெசவு:
அந்த வழி வேண்டாம். அப்படிப்பட்ட விளம்பரத்துக்காகவே ஆக்செஸிபி நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2025இல் உத்தரவிட்டது. மேலே ஒட்டும் நிரலுக்கு எம் என்ற படத்தின் பொருள் தெரியாது. தானியங்கிச் சோதனைக் கருவிகளையும் ஓரளவுக்கு மேல் நம்ப முடியாது: படத்துக்கு அதை விவரிக்கும் மாற்று உரை இருக்கிறதா என்று அவை பார்க்கும், அந்த உரை கோப்பின் பெயராக இருந்தாலும் சரி என்றுதான் சொல்லும். பின்பற்ற வேண்டிய தரமும் தெளிவாகவே இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 17802 உள்ளது. ஐரோப்பியத் தரத்தை ஒட்டியது என்பதால், அங்கே சரக்கு விற்பவர்களுக்கு இரட்டை வேலை இல்லை. தேடுவது முதல் பணம் செலுத்துவது வரையுள்ள பாதையை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 ஒளிர்வு வேறுபாடு, சுட்டியில்லாமல் விசைப்பலகையால் மட்டுமே முடிக்கக்கூடிய கொள்முதல், நீட்டிக்கக்கூடிய ஓடிபி நேரம் ஆகியவற்றைச் சரிசெய்துவிட்டு, திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவருக்கு ஊதியம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கொங்கு வணிகன்:
வேலை புரிகிறது, அளவுப் பொத்தான்களை இந்த மாதமே மாற்றச் சொல்கிறேன். ஆனால் பணம் செலுத்தும் பக்கம் எங்களுடையதே அல்ல. கட்டண நுழைவாயில் நிறுவனத்தின் பக்கத்தில் உள்ள குறைக்கு அபராதம் என் பெயரில் வந்தால், அதை யார் கட்டுவது? சிறு கடைக்காரன் சொல்லை அவர்கள் கேட்பார்களா?

வைகைக்கரை:
வாடிக்கையாளர் சேவை பெறுவது உங்களிடம் என்பதால், முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஐஎஸ் 17802 இணக்கத்தையும், மீறினால் இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பையும் எழுதிக் கேளுங்கள். தனிக் கடையாகக் கேட்டால் அவர்கள் இறங்கி வருவது கடினம் என்பதை மறுக்கவில்லை. உங்கள் வணிகர் சங்கத்தின் வழியாகக் கேட்டுப் பாருங்கள்.