அயோடின்-131 சிகிச்சைக்குத் தனியறை ஏன்?

கேள்வி:
என் அக்காவுக்குத் தைராய்டு புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்துள்ளது. எஞ்சிய திசுக்களை அழிக்க அயோடின்-131 கொடுத்துச் சில நாள்கள் தனியறையில் வைக்கப்போவதாக மருத்துவர் கூறுகிறார். முன்பு எலும்பு ஸ்கேனுக்கு டெக்னீசியம் செலுத்தியபோது அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டும் கதிரியக்கப் பொருள்கள்தாமே, ஏன் இந்த வேறுபாடு?

மறுமொழி 1:
டெக்னீசியம்-99எம் வெளியிடும் காமா கதிர் உடலை ஊடுருவி வெளியே வந்து கேமராவில் பதிகிறது. அதன் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம்) 6 மணி நேரமே என்பதால், ஒரே நாளில் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அயோடின்-131இன் அரை ஆயுளோ 8 நாள்கள். அது வெளியிடும் பீட்டா துகள்கள் திசுவுக்குள் ஓரிரு மில்லிமீட்டர் தொலைவிலேயே ஆற்றல் முழுவதையும் இழந்து, அயோடினை உள்வாங்கிய தைராய்டு செல்களையும் அவற்றை ஒட்டியுள்ளவற்றையும் அழிக்கின்றன. அமெரிக்க மருத்துவர் சால் ஹெர்ட்ஸ் 1941இலேயே கதிரியக்க அயோடினைத் தைராய்டு மிகைச் சுரப்புக்கு மருந்தாகக் கொடுத்தார்.

மறுமொழி 2:
அயோடின்-131 காமா கதிரையும் வெளியிடுவதால், அருகிலிருப்பவர்களைக் காக்கவே தனியறை. 8 நாள்கள் என்ற கணக்கைக் கண்டு அஞ்ச வேண்டாம்; தைராய்டு அகற்றப்பட்டவருக்கு மருந்தின் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று நாள்களிலேயே சிறுநீர் வழியாக வெளியேறிவிடும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும், கழிவறையில் இருமுறை நீர் விடச் சொல்வதும் அதனால்தான். வீடு திரும்பிய பிறகும், மருத்துவர் சொல்லும் காலம்வரை கர்ப்பிணிகளிடமிருந்தும் குழந்தைகளிடமிருந்தும் அவர் விலகியிருக்க வேண்டும்.

மறுமொழி 3:
ஒன்றை மறந்துவிடாதீர்கள். அக்காவுக்கு அண்மையில் சிடி ஸ்கேனுக்காக அயோடின் கலந்த ஊசி போட்டிருந்தால், அதை மருத்துவரிடம் இப்போதே கூறுங்கள். உடலில் சாதாரண அயோடின் நிறைந்திருந்தால், தைராய்டு செல்கள் கதிரியக்க அயோடினைக் குறைவாகவே ஏற்கும். சிகிச்சைக்கு முன் அயோடின் குறைந்த உணவைப் பரிந்துரைப்பதற்கும் இதுவே காரணம்.