ஸ்ட்ரீட் லீகல்: தகுதியா, அனுமதியா, செல்லுபடியா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

கார் இதழ் ஒன்றுக்காக அமெரிக்க டிராக் பந்தயம் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பொதுச் சாலையில் ஓட்டச் சட்டம் விடும் காரைக் குறிக்கும் 'ஸ்ட்ரீட் லீகல்' என்ற சொல் நாலு வரிக்கு ஒருமுறை வந்து வழிமறிக்கிறது. முதலில் 'சாலைத் தகுதி பெற்ற' என்று எழுதினேன். ஆசிரியர் அதை அடித்துவிட்டு 'சட்டபூர்வ' என்று போட்டார். கடைசியில் 'தெருச் சட்டபூர்வக் கார்' என்று வந்து நிற்கிறது. படித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. கையில் இருக்கும் அகராதிகள் எதிலும் இல்லை. 'டிராக்' என்பதற்கு 'இழுவை' போடலாமா என்றும் சொல்லுங்கள். ஆசிரியருக்கு அதில் ஓர் ஆசை இருக்கிறது.

அன்புடன், மதுரையிலிருந்து.

*

தம்பிக்கு வணக்கம்.

சின்னக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். 'இழுவை' வேண்டாம். ஓடும் காரைக் காற்று பின்னிழுக்கும் விசைக்கு ஏற்கெனவே அந்தப் பெயர் இருக்கிறது. உங்கள் கட்டுரையிலேயே அது இரண்டு இடத்திலாவது வரும். போதாததற்கு, டிராக்டரில் பாரத்தைக் கட்டி யார் அதிக தூரம் இழுக்கிறார் என்று பார்க்கும் போட்டி இங்கே அமெரிக்காவில் உண்டு. இழுவைப் பந்தயம் என்ற பெயரை அதற்கு விட்டுவைப்போம். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, நேர்கோட்டில், கால் மைல், அதாவது 402 மீட்டர், இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில். வளைவே கிடையாது. 'நேரோட்டப் பந்தயம்' என்று ஒருமுறை விளக்கிவிட்டு, அப்புறம் 'டிராக் பந்தயம்' என்றே எழுதுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

'ஸ்ட்ரீட் லீகல்'தான் சிக்கல். நான் டெட்ராய்ட் பக்கம் வண்டிகளுக்கு மின்கம்பி அமைப்பு வடிவமைக்கும் வேலையில் இருபது ஆண்டு இருந்தவன். வெள்ளிக்கிழமை இரவுகளில் டிராக் பந்தய ஓடுதளத்துக்குப் போய் வேடிக்கை பார்ப்பதும் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் 'தகுதி'யும் தவறு, ஆசிரியரின் 'சட்டபூர்வ'மும் பாதிதான் சரி.

'தகுதி'க்கு நம் ஊரிலேயே உறுதியான பொருள் இருக்கிறது. லாரிக்காரர்கள் 'வண்டியை எஃப்.சி.க்கு விட்டிருக்கிறோம்' என்பார்கள். பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, டயரில் பட்டன் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கும் தகுதிச் சான்றுதான் அது. வண்டியின் உடல்நலம் பற்றிய சொல். நான் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் சொந்தக் கார்களுக்கு அந்த மாதிரி ஆண்டுப் பரிசோதனையே கிடையாது, புகைச் சோதனையும் கிடையாது. தரை துருப்பிடித்து, கால் வைத்தால் ரோடு தெரியும் காரில் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பதிவு இருக்கும், இன்சூரன்ஸ் இருக்கும், நம்பர் பலகை இருக்கும். தகுதி மட்டும் இருக்காது. பென்சில்வேனியாவுக்குப் போனால் ஆண்டுதோறும் காட்டியாக வேண்டும். டெக்சாஸில் சொந்தக் கார்களுக்கான பாதுகாப்புப் பரிசோதனையை 2025 தொடக்கத்தில் எடுத்தே விட்டார்கள். ஆக, தகுதி என்பது ஸ்ட்ரீட் லீகலுக்குள் சில ஊர்களில் அடங்கும் ஒரு பகுதி. அவ்வளவுதான்.

அடுத்து யாராவது 'சாலை ஒப்புதல்' அல்லது 'அங்கீகாரம்' என்று எழுத வருவார்கள். அதற்கும் முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். பந்தயப் பேச்சில் டயர்தான் முதலில் வரும். பட்டனே இல்லாத வழவழப்பான பந்தய டயரைச் சாலையில் ஓட்ட முடியாது. அதற்காக, பேருக்கு நாலு கோடு கீறி, பிடிப்புக்குக் குறைவில்லாத மென்மையான ரப்பரில் 'டிராக் ரேடியல்' என்று ஒரு வகை வந்தது. பக்கச் சுவரில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையைக் குறிக்கும் டி.ஓ.டி. என்ற மூன்று எழுத்து இருக்கும். அரசாங்கம் சோதித்து ஒப்புதல் தந்த டயர் என்று ஓடுதளத்தில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த எழுத்தைப் பதிப்பவர் டயர் தயாரித்தவரேதான். 'நடுவண் பாதுகாப்பு விதிகளின்படி செய்திருக்கிறேன்' என்று அவரே தரும் உறுதி அது. முழுக் காருக்கும் அமெரிக்காவில் இதே வழிதான். அரசு பிற்பாடு கடையில் வாங்கிச் சோதிக்கும், தவறு இருந்தால் திரும்ப அழைக்கச் சொல்லும். முன்னால் நின்று முத்திரை குத்தாது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் முன்னொப்புதல் உண்டு. அங்கே 'ஒப்புதல்' பொருந்தும். ஆனால் சொல் பிறந்த நாட்டிலேயே பொருந்தாத சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

'சட்டபூர்வ'த்துக்கு வருவோம். ஹாட் ராட் என்றால் வேகத்துக்காக எஞ்சினை மாற்றிய கார். 1951-இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கியதன் நோக்கங்களில் ஒன்று, பொதுச் சாலையில் பந்தயம் விடும் இளைஞர்களை அங்கிருந்து கிளப்பி ஓடுதளத்துக்குக் கொண்டுவருவது. ஆகவே இந்த உலகில் 'தெருப் பந்தயம்' என்றால் போலீஸ் துரத்தும் பந்தயம். 'தெருச் சட்டபூர்வப் பந்தயம்' என்று எழுதினால் தெருவில் பந்தயம் விடுவதே சட்டபூர்வம் என்று வாசகர் படித்துக்கொள்வார். சட்டத்துக்கு உட்பட்டது கார், பந்தயமல்ல. 'தெரு'வை இந்தச் சொல்லிலிருந்து அப்புறப்படுத்துவது நல்லது என்பேன்.

இப்போது எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு. 2018 மாடலாக டாட்ஜ் நிறுவனம் தன் சேலஞ்சர் காரில் 'டீமன்' என்ற வகையை விற்றது. பந்தய எரிபொருளில் 840 குதிரைத்திறன். கால் மைலுக்கு 9.65 வினாடி, முடிவுக் கோட்டில் மணிக்கு 140 மைல். ஆலையிலிருந்தே டிராக் ரேடியல் டயரோடு வந்தது. எடை குறைக்க ஓட்டுநர் இருக்கையைத் தவிர மற்றவற்றைக் கழற்றிவிட்டு, முன்பக்கத்து இன்னோர் இருக்கை வேண்டுமானால் ஒரு டாலர் கூடுதல் என்றார்கள்! ஷோரூமில் வாங்கி, நம்பர் பலகை மாட்டி, பால் வாங்கப் போகலாம். ஆனால் ஹாட் ராட் சங்கம் இதை அப்படியே ஓடுதளத்தில் விட மறுத்தது. பத்து வினாடிக்குள் ஓடும் காரில் கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டு இருக்க வேண்டும் என்பது அப்போது அவர்களின் விதி; ஆலையிலிருந்து வந்த டீமனில் கூண்டு இல்லை. 2023-இல் வந்த டீமன் 170 இன்னும் மோசம்: 1025 குதிரைத்திறன், 8.91 வினாடி. அதற்கும் தடைக் கடிதம் வந்தது, நிறுவனம் அதையே பெருமையாக விளம்பரம் செய்தது. சாலை விடுகிறது, பந்தயத்துக்கென்றே போட்ட தளம் விட மறுக்கிறது. இந்த விசித்திரத்தைச் சொல்ல 'தகுதி' உதவுமா, 'ஒப்புதல்' உதவுமா?

நான் முன்வைக்கும் சொல்: செல்லுபடி. சாலைச் செல்லுபடி.

ஏன் என்றால், ஸ்ட்ரீட் லீகல் என்பது வண்டிக்குள் ஒட்டியிருக்கும் குணம் அல்ல. நேற்று இரவு இன்சூரன்ஸ் காலாவதியானது என்று வையுங்கள். வண்டியில் ஓர் ஆணிகூட மாறவில்லை. ஆனால் இன்று காலை அது சாலையில் செல்லாது. கலிபோர்னியாவில் 1975-ஆம் ஆண்டு மாடலுக்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் புகைச் சோதனை கிடையாது. 1976 மாடலுக்கு உண்டு. ஒரே எஞ்சின், ஒரே புகை. பிறந்த ஆண்டு மட்டும் வேறு. இந்தப் பந்தயங்களில் அறுபதுகளின் நோவா, கமாரோ கார்களின் கூடுகளை ஏன் இவ்வளவு பார்க்கிறோம் என்பதற்கு அழகு மட்டும் காரணமல்ல; பழைய கூட்டின் மேல் சட்டம் சுமத்தும் பாரம் குறைவு. இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் மாறும் இந்த நிலையைத் தமிழ் ஏற்கெனவே 'செல்லும்', 'செல்லாது' என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நோட்டு செல்லாது. பழைய டிக்கெட் செல்லாது. செல்லாத ஓட்டு. நம் மொழியில் 'செல்' என்றால் போவதும்தான், மதிப்போடு புழங்குவதும்தான். காருக்கு இதைவிடப் பொருத்தமான வினை ஏது?

சாலைச் செல்லுபடிக் கார். எதிர்ச்சொல்லைத் தேடவே வேண்டாம், செல்லாக்காசு போலச் செல்லாக் கார்.

இன்னொன்றையும் பிரித்து வைக்க வேண்டும். காகிதத்தில் செல்லுபடி இருக்கும், ஆனால் டிரெய்லரில் ஏற்றியே கொண்டுவருவார்கள். 'நம்பர் பலகை மாட்டிய பந்தயக் கார்தானே அது' என்று ஓடுதளத்தில் கிண்டல் செய்வார்கள். அந்தச் சண்டைக்கு முடிவாக ஹாட் ராட் இதழ் 2005-இல் 'டிராக் வீக்' தொடங்கியது. ஐந்து நாள் பந்தயம், ஊர் விட்டு ஊர். நடுவில் ஏறக்குறைய ஆயிரம் மைல் பொதுச் சாலை. அதே காரையே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். உதவிக்கு வேறு வண்டி பின்னால் வரக்கூடாது. கருவி, உதிரி பாகம், பந்தய டயர் எல்லாம் காருக்குள், அல்லது காரே இழுக்கும் குட்டி டிரெய்லரில். காலையில் கால் மைலை ஆறு வினாடிக்கும் குறைவாகக் கடந்த கார், மதியம் வெயிலில் சிக்னலில் நின்று, எஞ்சின் சூடேறி, பெட்ரோல் பங்க் ஓரத்தில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். அந்தக் காட்சிக்காகவே போகலாம். இங்கிலாந்திலும் 'ஸ்ட்ரீட் எலிமினேட்டர்' வகுப்பில் ஆண்டுச் சோதனை, வரி, இன்சூரன்ஸ் இருந்தால் மட்டும் போதாது, சாலையில் ஓட்டியும் காட்ட வேண்டும். இப்படி நிஜமாகவே சாலையில் ஓடும் காருக்குச் 'சாலையோடி' என்று பெயர் வைக்கலாம். கடலோடி, நாடோடி வரிசையில் இதுவும் ஒன்று. செல்லுபடி சட்டத்தின் சொல், சாலையோடி பழக்கத்தின் சொல்.

நீளமாகிவிட்டது, மன்னிக்கவும்.

*

ஐயா, நல்ல மடல். ஆனாலும் ஓர் ஐயம். செல்லுபடி பணத்துக்கும் பத்திரத்துக்கும் உரியது. ஆவணத்தின் காலம்தான் செல்லும், பொருள் செல்லாது. 'சாலையில் செல்லும் கார்' என்றால் ரோட்டில் போகிற எல்லாக் காரும்தானே? 'சட்டத்தகு' என்று சுருக்கமாக முடிக்கலாமே. இன்னொன்று, 'சாலைச் செல்லுபடி'யில் ஒற்று மிகுமா என்று இலக்கணம் தெரிந்த யாராவது சொல்ல வேண்டும்.

தஞ்சையிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியன்.

*

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து. எங்கள் பக்கத்துப் படிவங்களில் 'செல்லுபடியாகும் காலம்', 'செல்லுபடியான வாக்குகள்' என்று அன்றாடம் வரும், ஆகவே எனக்கு இந்தச் சொல் அந்நியமாகப் படவில்லை. ஆனால் 'சாலை' எங்களுக்கு அவ்வளவு பழக்கமில்லை. பாடசாலை, வைத்தியசாலை என்றுதான் காதில் விழும். நாங்கள் 'வீதி' என்போம். 'வீதிச் செல்லுபடி' என்று எழுதினால் தமிழ்நாட்டு ஆட்களுக்குத் தேர் ஓடுகிற வீதி ஞாபகம் வருமோ?

*

ஆசிரியர் ஐயாவுக்கு: கார் பொருள்தான், ஆனால் சாலையில் போக அதை விடுவது அதன் ஆவணங்களும் அவற்றின் நாளும்தான். அதனால்தான் பத்திரத்தின் சொல்லைக் கேட்டு வாங்குகிறேன். 'சாலையில் செல்லும்' என்று வினையாக விட்டால் நீங்கள் சொன்ன குழப்பம் வரும், ஒப்புக்கொள்கிறேன். 'செல்லுபடி' என்று பெயராக வைத்தால் வராது. 'சட்டத்தகு' என்றால் எந்தச் சட்டம் என்ற கேள்வி நிற்கும். டீமன் விஷயத்தில் ஓடுதளத்து விதியும் ஒரு விதிதானே. 'சாலைச் செல்லுபடி உண்டு, களச் செல்லுபடி இல்லை' என்று இடத்தை முன்னால் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் வசதி 'சட்டத்தகு'வில் இல்லை. ஒற்று பற்றி நான் வாய் திறக்கவில்லை. இந்தக் குழுவில் ஒற்றுக்காக மூன்று மாதம் நடந்த சண்டையைப் பார்த்தவன்.

யாழ்ப்பாணத்து நண்பருக்கு: தேர் வந்தால் வரட்டும், அதுவும் நாலு பேர் பார்க்க ஓடுகிற வண்டிதானே. அங்கே வீதி, இங்கே சாலை என்று இருந்துவிட்டுப் போகட்டும். செல்லுபடி பொதுவாக இருந்தால் போதும்.

*

அனைவருக்கும் நன்றி. 'சாலைச் செல்லுபடி' கட்டுரையில் பதினொரு இடத்தில் ஏறிவிட்டது. 'சாலையோடி' டிராக் வீக் பத்தியில் இரண்டு இடத்தில். டீமன் பகுதிக்கு 'சாலையில் செல்லும், களத்தில் செல்லாது' என்று துணைத்தலைப்புக் கொடுத்தேன், ஆசிரியர் தொடவில்லை. 'ஒற்று மிகும், ஏழாம் வேற்றுமைத் தொகை' என்று அவரே ஓரத்தில் எழுதியும் இருக்கிறார், தஞ்சை ஐயா கவனிக்க.

ஆனால் பெரிய தலைப்பில் நான் எழுதிய 'டிராக்'கை அடித்துவிட்டு 'இழுவைப் பந்தயம்' என்று மாற்றிவிட்டார். இதழ் அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கிறது. அந்த டிராக்டர் போட்டியின் படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், அவரிடம் காட்ட வேண்டும்.