திரை சொன்னது 18.6, கையில் போட்டால் 17.3

காரின் திரையில் வரும் சராசரி மைலேஜை நான் வெகுநாள் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். யார் கேட்டாலும் "18க்கு மேல் கொடுக்கிறது" என்று பெருமையாகச் சொல்வேன். ஒரு நாள் ஃபுல் டேங்க் போட்டபோது பில்லில் இருந்த லிட்டரையும் ட்ரிப் மீட்டரில் இருந்த கிலோமீட்டரையும் சும்மா வகுத்துப் பார்த்தேன். 612 கி.மீ., 35.4 லிட்டர். வந்தது 17.3. திரையில் 18.6.

முதல் சந்தேகம் பங்க் மேல்தான். அளவில் ஏதோ கைவைக்கிறார்கள் என்று அடுத்த முறை வேறு பங்குக்குப் போனேன். 580 கி.மீ.க்கு 32.1 லிட்டர், அதாவது 18.1. திரை 19.3 என்றது. மூன்றாவது முறை இன்னொரு பங்க். 541 கி.மீ.க்கு 33.2 லிட்டர், 16.3. திரை 17.7. மூன்று பங்க்காரர்களும் பேசிவைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரே அளவுக்கு ஏமாற்ற முடியுமா என்ன? மூன்று டேங்க்கையும் கூட்டினால் 1,733 கி.மீ.க்கு 100.7 லிட்டர். திரை சொன்னபடி பார்த்தால் 93.5 லிட்டர்தான் செலவாகியிருக்க வேண்டும். ஏழு லிட்டர் எங்கே போனது?

கொஞ்சம் தோண்டிப் பார்த்ததில் புரிந்தது இது: திரையில் வரும் மைலேஜுக்காக டேங்க்கில் எவ்வளவு குறைந்தது என்று கார் அளந்து பார்ப்பதே இல்லை. எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறந்திருந்தது என்பது எஞ்சினை நடத்தும் கணினிக்குத் தெரியும். அத்தனை நேரத்துக்கு இத்தனை பெட்ரோல் போயிருக்கும் என்று தன்னிடம் எழுதிவைத்திருக்கும் எண்ணை வைத்துக் கூட்டிக்கொண்டே போகிறது. அந்த எண்ணில் சின்னப் பிசகு இருந்தால் அது ஒவ்வொரு கிலோமீட்டரிலும் கூடவே வரும். அதனால்தான் என் காரில் வித்தியாசம் எப்போதும் 7, 8 சதவீதத்தில் நிற்கிறது போல. உங்கள் கார்களில் எப்படி? குறைத்துச் சொல்லும் கார் யாரிடமாவது இருக்கிறதா?

* * *

என்னிடம் இருக்கிறது என்று ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஃபுல் டேங்க் போடுகிற ஆள் இல்லை, ஒவ்வொரு முறையும் 10 லிட்டர்தான். பெட்ரோல் முள் எந்தக் கோட்டில் இருந்ததோ அதே கோட்டுக்கு வந்ததும் கிலோமீட்டரைக் குறித்துப் பத்தால் வகுப்பேன். ஒரு வாரம் 22 வரும், மறுவாரம் 15 வரும். 22 வந்த வாரத்தை மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன் (15 வந்த வாரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை).

முள்ளை நம்பக்கூடாது என்று அப்புறம்தான் தெரிந்தது. டேங்க்குக்குள் இருப்பது ஒரு மிதவை. வண்டி கொஞ்சம் சரிவில் நின்றாலே அதன் கதை மாறிவிடும். ஒரு லிட்டர் பிசகு என்றால் 35 லிட்டரில் அது மூன்று சதவீதம்கூட இல்லை, 10 லிட்டரில் பத்து சதவீதம். 180 கி.மீ.யைப் பத்தால் வகுத்தால் 18, பதினொன்றால் வகுத்தால் 16.4. இப்போது முடிந்தவரை ஒரே பங்கில், ஒரே பம்ப்பில், டேங்க் நிறைந்து பம்ப் தானாக நிற்கும் முதல் ஆட்டோ கட் விழுந்ததும் நிறுத்திவிடுகிறேன். சில்லறை ரவுண்டாக வர வேண்டும் என்று மேலும் மேலும் அழுத்தினால் கணக்கும் கெடும், பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப் பெட்டிக்கும் கேடு. ஐந்து டேங்க் சேர்த்துப் பார்த்ததில் என் காரும் 4 சதவீதம் கூட்டித்தான் சொல்கிறது.

* * *

எல்லோரும் லிட்டரைச் சந்தேகப்படுகிறீர்கள், கிலோமீட்டரை யாரும் சந்தேகப்படவில்லையே!

நான் பழைய டயரை மாற்றும்போது பார்க்க நன்றாக இருக்குமே என்று ஒரு சைஸ் பெரிதாகப் போட்டேன். உடனே மைலேஜ் விழுந்தது. திரையிலும் விழுந்தது, கையில் போட்டாலும் விழுந்தது. டயர் கனம், அதுதான் காரணம் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். பிறகு நேரான நெடுஞ்சாலையில் போனில் ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டுப் பார்த்தேன். ஓடோமீட்டர் 100 கி.மீ. காட்டிய தூரம் உண்மையில் 104. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத்தான் கார் தூரத்தை எண்ணுகிறது. பெரிய டயர் ஒரே சுற்றில் அதிக தூரம் போய்விடும், காருக்கு அது தெரியாது. விழுந்த மைலேஜில் பாதிக்கு மேல் விழவே இல்லை!

இதிலிருந்து ஒன்று பிடிபட்டது. திரையும் சரி, நம் கைக்கணக்கும் சரி, ஒரே கிலோமீட்டரைத்தான் எடுத்துக்கொள்கின்றன. கிலோமீட்டர் தப்பாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே தப்பாகும், இரண்டுக்கும் நடுவில் வித்தியாசமே தெரியாது. முதலில் எழுதியவர் கண்ட அந்த 7 சதவீதம் லிட்டர் பக்கத்துப் பிழை மட்டும்தான். டயர் தேய்ந்திருந்தால் பிழை எதிர்ப்பக்கம் போகும். புது டயரில் 8 மி.மீ. உயரம் இருந்த பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) 2 மி.மீ. ஆகிவிட்டால் சக்கரத்தின் ஆரம் 6 மி.மீ. குறைகிறது. ஆரம் 300 மி.மீ. என்றால் அதுவே 2 சதவீதம். ஓடாத தூரத்தை ஓடியதாகக் கார் எழுதிக்கொள்ளும்.

ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் கூட்டிக் காட்டுகிறதே, அப்படியானால் ஓடோமீட்டரும் அதே அளவு கூட்டுமா என்று என் தம்பி கேட்டான். அப்படி இல்லை. முள் உண்மை வேகத்தை விடக் குறைத்துக் காட்டவே கூடாது என்று ஐ.நா. வாகன விதி இருப்பதால் வேண்டுமென்றே கொஞ்சம் தூக்கி வைக்கிறார்கள். தூரத்தை அப்படித் தூக்க வேண்டிய அவசியம் இல்லை.

* * *

வெளியில் எரிவாயு கிட் மாட்டியவர்கள் திரையை மறந்துவிடலாம். என் வண்டி கேஸில் ஓடும்போதும் பெட்ரோல் போவதாகவே நினைத்துக்கொண்டு அழகாக 16 என்று காட்டிக்கொண்டிருக்கிறது. டேங்க்கில் பெட்ரோல் அசையவே இல்லை.

* * *

எங்கள் வீட்டில் இது சண்டையாகவே ஆகிவிட்டது. ஒரே கார், அப்பாவும் நானும் ஓட்டுகிறோம். பெட்ரோல் போட்டதும் சராசரி தானாக ரீசெட் ஆகிற மாடல். நான் போட்டுவிட்டு நேரே நெடுஞ்சாலைக்குப் போவேன், 20 காட்டும். அப்பா போட்டால் மூன்று கி.மீ. போய் நிறுத்துவார், எஞ்சின் சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும், 10 காட்டும். "நீ வண்டியை எப்படித்தான் ஓட்டுகிறாயோ, எனக்கு மட்டும் குடிக்கிறது" என்பார். கடைசியில் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 15 என்று சமாதானம் ஆனோம்.

அதுவும் தப்பு. 100 கி.மீ. 20 வீதம் ஓடினால் 5 லிட்டர், 100 கி.மீ. 10 வீதம் ஓடினால் 10 லிட்டர். மொத்தம் 200 கி.மீ.க்கு 15 லிட்டர், அதாவது 13.3. சராசரிகளுக்குச் சராசரி போடாதீர்கள், மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால் போதும். அப்பாவுக்கு இதை எழுதிக் காட்டினேன். "அப்போ நான் சொன்னதுதான் சரி" என்றார், எது என்று சொல்லவில்லை.

* * *

மைலேஜ் போகட்டும், "இன்னும் இத்தனை கி.மீ. போகலாம்" என்று வருமே, அதை நம்பி நான் பட்டது போதும். மலையிலிருந்து இறங்கத் தொடங்கியபோது 90 கி.மீ. காட்டியது. இறங்க இறங்கக் கூடுகிறது! கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரில் கால் இல்லையென்றால் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும், அந்த நேரத்து மைலேஜ் 99.9 என்று நிற்கும். அந்தச் சமீபத்து மைலேஜை வைத்து மீதிப் பெட்ரோலைப் பெருக்கி அடிவாரத்தில் 140 என்று ஆசை காட்டியது. வழியில் இருந்த பங்கை விட்டுவிட்டேன். அப்புறம் நெரிசல், ஏசி, ஊர்ந்துகொண்டே போனோம். 140 அரை மணி நேரத்தில் 60 ஆனது, பிறகு வெறும் கோடு. அடுத்த பங்க் வரைக்கும் காரில் ஒருவரும் பேசவில்லை.

* * *

திரைக்கும் கைக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பிசகை, கம்பெனி சொல்லும் மைலேஜோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சோதனைக்கூடத்து உருளை மேல் ஓட்டி எடுத்த எண், அதன் வித்தியாசம் இதைவிடப் பெரிது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் புதிய கார்கள் தாங்கள் குடித்த மொத்த எரிபொருளைத் தாங்களே பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவும் 5 சதவீதம் வரை பிசகலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. அந்தத் தரவைத் தொகுத்து 2024இல் வெளியிட்டபோது பெட்ரோல், டீசல் கார்கள் அறிவித்ததை விடச் சுமார் 20 சதவீதம் அதிகம் செலவழிப்பது தெரிந்தது. பெட்ரோலிலும் ஓடும், சார்ஜ் போட்டும் ஓடும் பிளக்-இன் ஹைபிரிட்டுகள் அறிவித்ததைப் போல மூன்றரை மடங்கு.

* * *

முதலில் எழுதியவன்தான். சில மாடல்களில் கணினிக் கருவியை மாட்டித் திரையின் கணக்கைக் கூட்டிக் குறைக்கலாம் என்று மெக்கானிக் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். பிசகு எவ்வளவு என்று தெரிந்த பிறகு அது இருந்தால் என்ன? திரையில் வருவதை 0.93ஆல் பெருக்கிக்கொள்கிறேன், திடீரென்று குறைந்தால் டயரில் காற்றைப் பார்க்கிறேன்.

ஆனால் டயர்க்காரர் எழுதியதைப் படித்தபின் தூக்கம் வரவில்லை. நேற்று ஜிபிஎஸ்ஸோடு ஓட்டிப் பார்த்தேன். ஓடோமீட்டர் 100 என்ற இடத்தில் உண்மையில் 98.6. மூன்று டேங்க்கையும் சேர்த்து வந்த அந்த 17.2ம் இப்போது 17.0 ஆகிவிட்டது. இனிமேல் எதையும் அளப்பதாக இல்லை.